தெரு முனையில் ஒரு பெயர்ப்பலகை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் இரண்டாவது குறுக்குத் தெருவின் பெயர்ப்பலகை பற்றி மூன்று மனு கொடுத்துவிட்டோம். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது பிடுங்கிப் போட்டார்கள், அப்புறம் யாரும் நடவில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இறைக்க ஆரம்பித்தது. 108-ஐ அழைத்தோம், வண்டியும் உடனே கிளம்பியது. ஆனால் செல்போன் வரைபடம் அதை எங்கள் வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. நடுவில் வாய்க்கால், தாண்டிவர வழியில்லை. "எந்தத் தெரு சார்? போர்டே காணோமே" என்றார் ஓட்டுநர். பிள்ளையார் கோவில், டிரான்ஸ்ஃபார்மர், அடுத்த இடது பக்கம் என்று சொன்னேன். அவர் முதல் குறுக்குத் தெருவுக்குள் திரும்பிவிட்டார். அங்கேயும் ஒரு 14ஆம் எண் வீடு இருக்கிறது. அது பழைய எண், எங்களுடையது புதிய எண். தம்பி மெயின் ரோட்டுக்கு ஓடி டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றான். சைரன் சத்தம் பக்கத்தில் வந்து, பிறகு விலகிப் போனது. அப்பாவும் அதைக் கேட்டார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். வண்டி வாசலுக்கு வர 22 நிமிடம் கூடுதலாக ஆனது.

அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை, ஐயா.

நிலத்தை அளப்பது நமக்குப் புதிதல்ல. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் முக்கோண அளவீட்டுக்காக வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802இல் அடிப்படைக் கோட்டை அளந்தது பரங்கிமலைப் பக்கம்தான். 2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற டிஜிட்டல் முகவரி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடு. நல்ல முயற்சி. ஆனால் அப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்த அந்த நேரத்தில் எனக்கு எந்தக் குறியீடும் தேடத் தோன்றியிருக்காது. ஓட்டுநர் தலை நிமிர்ந்தால் தெருப் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சொத்து வரி கேட்டு வருபவர் ஒருநாளும் எங்கள் வீடு தெரியாமல் திரும்பியதில்லை. கோபத்தில் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவின் இரண்டு முனையிலும் இரவில் ஒளிரும் பெயர்ப்பலகை வையுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அதிலேயே எழுதுங்கள். பழைய எண்களை அழித்து வீட்டுக்கு ஒரே எண் கொடுங்கள். மற்றது தாமதமானாலும் பலகையை முதலில் நடுங்கள்.

அப்பா நாளை வீடு திரும்புகிறார். மறுபடி இரவில் வண்டி அழைக்க வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் நட்டுத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது குறுக்குத் தெரு, புதிய எண் 14இல் குடியிருப்பவன்