ஐஎம்இஐ மாற்றச் சொல்லிக் கடைக்குக் கொண்டுவரும் போன்கள் - கவனிக்க

சர்வீஸ் கடை நண்பர்களுக்கு. போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கஸ்டமர்தான் கேட்டார்" என்பது செல்லாது, கை வைத்தவரும் மாட்டுவார். போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம் பகுதியில் தப்பாக எழுதினால் சிக்னல் அளவீட்டுத் தரவும் போய்விடும். அப்புறம் "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி"தான்.

பழைய போன் வாங்கும் முன் *#06# அடியுங்கள். இரண்டு சிம் போனில் 15 இலக்க எண் இரண்டு வரும். இரண்டையும் பெட்டி, பில்லோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சோதியுங்கள். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட் என்று வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தொலைந்த போனா? போலீஸ் புகார், அதே நம்பரில் டூப்ளிகேட் சிம், பிறகு அதே தளத்தில் பிளாக் கோரிக்கை. ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்; புது சிம்மில் எஸ்எம்எஸ் வேலைசெய்ய ஒரு நாள் ஆகலாம். போன் கிடைத்ததும் அன்பிளாக் செய்ய மறக்கிறவர்கள்தான் அதிகம், கோரிக்கை எண்ணை எழுதி வையுங்கள்.

போர்டு பழுதா? கம்பெனி அங்கீகரித்த சென்டரில் மாற்றி, புது ஐஎம்இஐ எண் உள்ள ஜாப் ஷீட்டை (பழுதுபார்த்த விவரச் சீட்டு) வாங்குங்கள்.