தேவிக்கு, கையெழுத்துப் போடுமுன்

சிம்பாங் அம்பாட், பினாங்கு
2025 நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள தேவி,

தீபாவளிக்குக்கூட உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். திட்டுவதாக இருந்தால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது. முட்டிவலியை மட்டும் மறைத்துக்கொண்டு நடக்கிறார். பெரியவன் பத்து காவானில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். சின்னவள் எஸ்பிஎம் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நேற்று காமாட்சி போன் செய்தாள். கேஎல்லில் செந்தூல் பக்கம் புதிதாகக் கட்டப்போகும் அடுக்குமாடிக் கொண்டோவில் நீ ஒரு யூனிட் பார்த்து வைத்திருக்கிறாயாம். அடுத்த ஞாயிறு 5,000 வெள்ளி (ரிங்கிட்) புக்கிங் பணம் கட்டப்போகிறாயாம். இத்தனை வருஷம் வாடகை வீட்டிலேயே கிடந்தவள் சொந்த வீடு வாங்கப்போகிறாள் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் போனை வைத்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஐஸ்காரரின் பச்சைப் பாட்டிலைப் பார்த்ததும் ஒரு வாரக் காசை அப்படியே நீட்டியவளாச்சே நீ. இப்போது ஷோ யூனிட், அதாவது அலங்கரித்துக் காட்டும் மாதிரி வீடு, உனக்குப் பச்சைப் பாட்டில். நான் வீடு வாங்கியபோது, அதைக் கட்டி விற்ற டெவலப்பரின் ஷோ ஹவுஸில் எந்த அறைக்கும் கதவே கிடையாது. கதவு இல்லாத அறை பெரிதாகத் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலைக்கு மூலை விளக்கு. என் மகன் அங்கிருந்த கட்டிலில் சும்மா படுத்துப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காகவே கட்டிலைச் சின்னதாகச் செய்திருக்கிறார்கள். அடுத்த தடவை போகும்போது ஓர் அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போ.

சரி, முதலில் அந்த 5,000 வெள்ளி. வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் 1966 என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழ் உள்ள விதிகளின்படி, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு புக்கிங் என்றோ வேறு எந்தப் பெயரிலோ பணம் வாங்கவே கூடாது. நீ கட்டவேண்டிய முதல் பணம், கையெழுத்துப் போடும்போது கட்டும் 10 விழுக்காடுதான். ஆனால் ஊரே வாங்குகிறது, ஊரே கட்டுகிறது. நானும் கட்டினேன், அதுவும் ஏஜெண்டு கையில். நீ அப்படிச் செய்யாதே. ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பார். கேட்கவில்லை என்றால் டெவலப்பர் நிறுவனத்தின் பெயரிலேயே, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள். 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பில், அப்படி முன்பணம் வாங்கியிருந்தால் தாமதக் கணக்கை அந்தத் தேதியிலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சின்ன ரசீதுக்கு அவ்வளவு மதிப்பு.

தாமதக் கணக்கு என்றால் என்ன என்று கேட்பாய். என் கதையையே சொல்கிறேன்.

எங்களுடையது தரைவீடு, இரட்டை மாடி. விலை 438,000 வெள்ளி. 2022 மார்ச் 14 அன்று கையெழுத்துப் போட்டேன். 10 விழுக்காடு 43,800 வெள்ளி. அதில் பாதி என் ஈபிஎஃப் ஓய்வுகாலச் சேமிப்பின் இரண்டாம் கணக்கிலிருந்து வந்தது, மீதிக்கு என் வளையல்கள் போயின. தரைவீட்டுக்கு 24 மாதத்தில் சாவி தரவேண்டும். உன்னுடையதைப் போன்ற அடுக்குமாடிக்கு 36 மாதம். அதுவரை வீட்டுக்கடனில் வட்டி மட்டும் கட்டுவோம். அஸ்திவாரம் போட்டாச்சு என்று ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் வந்தால் வங்கி ஒரு பங்கை விடுவிக்கும். தூண் எழும்பினால் இன்னொரு பங்கு, சுவர் எழும்பினால் இன்னொன்று. முதல் மாதம் 140 வெள்ளி சொச்சம்தான், இவ்வளவுதானா என்று நினைத்தேன். கடைசியில் மாதம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பட்டர்வொர்த்தில் வாடகை 800 வெள்ளி தனி. குடியிருக்கும் வீட்டுக்கும் பணம், குடியிருக்க முடியாத வீட்டுக்கும் பணம். தேவி, அந்த ஒரு வருஷத்தில் மீன் வாங்கியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். உன் கணக்கில் இந்த இரட்டைச் செலவு இருக்கிறதா? காமாட்சியிடம் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை.

2024 மார்ச் 14 வந்தது. சாவி வரவில்லை. கேட்டால் ஆள் பற்றாக்குறை என்றார்கள், அப்புறம் தண்ணீர்க் குழாய் என்றார்கள், அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 3 அன்று கூப்பிட்டார்கள். சாவிக் கொத்து மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு காகிதம். தாமதத்துக்கு 8,000 வெள்ளி பெற்றுக்கொள்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு பேனாவை நீட்டினாள். எட்டாயிரம் என்றதும் என் கை நீண்டுவிட்டது. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல முழுசா படிச்சுச் சொல்லு" என்றார். படித்தேன். "வேணாம், வா" என்று சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் புரட்டினோம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கணக்குப் போட்டுத் தரவேண்டும் என்று கறுப்பு மையில் இருக்கிறது. என் வீட்டுக்கு நாளொன்றுக்கு 120 வெள்ளி. மார்ச் 14 முதல் அக்டோபர் 3 வரை 203 நாள். 24,360 வெள்ளி. அவர்கள் நீட்டிய காகிதத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று இரண்டு வாரம் புலம்பினேன். அப்புறம்தான் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் பற்றித் தெரிய வந்தது. 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். ஆனால் கெடு உண்டு, பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் வாசல் அடைத்துவிடும். மனுவை என் மகள்தான் மலாயில் நிரப்பித் தந்தாள். விசாரணைக்கு முந்தின வாரம் டெவலப்பர் ஆபீஸிலிருந்து போன். மனுவைத் திரும்பப் பெறுங்கள், தந்துவிடுகிறோம் என்றார்கள். பணம் கணக்கில் ஏறட்டும், அப்புறம் பேசலாம் என்றேன். ஏறியது, 24,360 முழுதாக. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. ஊர்ச் சண்டைக்கே போகாதவள் நான், உனக்குத் தெரியும்.

வீட்டைப் பார்க்கப் போன முதல் நாளைச் சொல்லாமல் விட முடியாது. நான் ஜன்னலைத் திறந்து மூடி, வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறது போல என்று நினைத்தேன். பார்த்தால், பொங்கலுக்குப் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி விரல் முட்டியால் ஒவ்வோர் ஓடாகத் தட்டிக்கொண்டே நகர்கிறார். ஒன்று 'டக்' என்கிறது, அடுத்தது 'டொப்' என்கிறது. 'டொப்' என்றால் அடியில் சிமெண்டு நிறையவில்லை, ஓர் அலமாரியை இழுத்து வைத்தால் உடைந்துவிடும். இத்தனை வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய கை அது. விரல்கள் நேராகவே நீளாது, ஆனால் காது அவ்வளவு கூர்மை. "இதுல ஒட்டு" என்பார், நான் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். கூடத்தில் மட்டும் 31 ஓடு. அப்புறம் எல்லாப் பிளக்கிலும் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தோம், இரண்டு வேலை செய்யவில்லை. குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினோம். தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடாமல் வாசலை நோக்கி ஓடி வந்தது. மொத்தம் 47 குறை. எல்லாவற்றையும் படத்தோடு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவர்களின் முத்திரையை வாங்கிக்கொண்டேன்.

முத்திரை வாங்கிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நின்றது அம்மாதான். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் உன் வீடு நாலாவது, எங்களுடையது ஏழாவது. எஸ்டேட்டை விற்றபோது ஆபீஸ் கிராணி வாசலில் நின்று எல்லாருக்கும் வீடு உண்டு என்று சொன்னாரே, நாம் இரண்டு பேரும் வேலி ஓரமாக நின்று கேட்டோமே. காகிதம் ஒன்றுமே இல்லை. உன் அப்பாவும் என் அப்பாவும் அந்த வாய்ப்பேச்சை நம்பி எத்தனை ஆபீஸ் படி ஏறினார்கள். என் அப்பா கடைசி வரை வீடு வரும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வெற்று வீட்டில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும் வழியில்தான், "ஒங்கப்பா இருந்தா ஓடு ஓடாத் தட்டிப் பார்த்திருப்பாரு" என்றார். எனக்கு மேற்கொண்டு கார் ஓட்ட முடியவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டேன்.

சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் வரை வரும் குறைகளை டெவலப்பரே தன் செலவில் சரிசெய்து தரவேண்டும். எழுதிக் கொடுத்த 30 நாளுக்குள் செய்யவேண்டும். ஓடுகளை மாற்றினார்கள், பிளக்கைச் சரிசெய்தார்கள். மேல்மாடிக் குளியலறைக் கசிவை மட்டும் தொடவே இல்லை. சமையலறைக் கூரையில் 50 காசு அளவில் ஒரு பழுப்புக் கறை. நாற்காலி போட்டு ஏறி, கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பத்து நாளில் கறை கோட்டைத் தாண்டியது, இன்னொரு கோடு போட்டேன். மே மாதத்தில் ஐந்து வளையம், கறை சாப்பாட்டுத் தட்டு அளவு. எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தேன்.

இங்கேதான் நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். வீட்டு விலையில் 5 விழுக்காடு டெவலப்பர் கைக்கு உடனே போவதில்லை, டெவலப்பரின் வக்கீலிடம் பிணையாக நிற்கும். சாவி தந்ததிலிருந்து எட்டாம் மாதம் அதில் பாதியை விடுவிப்பார்கள், 24-ஆம் மாதம் மீதி. எனக்கு எட்டாம் மாதம் ஜூன். மே கடைசியிலேயே, 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது, பழுதுபார்க்க இவ்வளவு ஆகும், அதைப் பிடித்து வையுங்கள் என்று விலைப்பட்டியலோடு அந்த வக்கீலுக்கு எழுதி, ஒரு பிரதியை டெவலப்பருக்கும் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் காலையில் வாசலில் மூன்று வேலையாட்கள். தரையைப் பெயர்த்து, நீர்க்காப்புப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கூரைக்கு வெள்ளை அடித்தாயிற்று. பென்சில் வளையத்தில் ஒன்று மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் கொண்டோவுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது, எனக்கு இல்லாதது. பராமரிப்புக் கட்டணம். சதுர அடிக்கு 35 காசு என்று சாதாரணமாகச் சொல்வார்கள். 900 சதுர அடிக்கு அது மாதம் 315 வெள்ளி, கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்கு அதில் 10 விழுக்காடு சேர்த்தால் 346 வெள்ளி 50 காசு. நீச்சல் குளத்துக்கு நீ ஒருநாள் போகமாட்டாய், ஆனால் காசு போகும். கடன் முடிந்த பிறகும் போகும்.

இலவச வக்கீல் என்று சொன்னார்கள் என்றாள் காமாட்சி. அவர் டெவலப்பரின் வக்கீல், தேவி. உனக்கென்று ஒருவரை வைத்துக்கொள். செலவாகும், ஆகட்டும். விளம்பரத் தாளில் டெவலப்பரின் லைசென்ஸ் எண்ணும் விளம்பர அனுமதி எண்ணும் இருக்கவேண்டும். அவற்றையும் நிறுவனத்தின் பெயரையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. கறுப்புப் பட்டியலில் இருக்கிறார்களா என்று மகளை விட்டு வீடமைப்பு அமைச்சின் தளத்தில் பார்க்கச் சொல்கிறேன். பாதியில் கைவிட்ட கட்டடங்களை நீயும் பார்த்திருக்கிறாய். அவற்றுக்கும் யாரோ மாதாமாதம் கடன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் உன்னை வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கு, கண்டிப்பாக வாங்கு. உன் பெயரில் ஒரு வீடு வரவேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. வெள்ளிக்கிழமை மாலை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறுகிறேன், இரவு கேஎல் சென்ட்ரலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போ. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்போம். ஞாயிறு நானும் உன்னோடு வருகிறேன். அதுவரை எங்கேயும் கையெழுத்துப் போடாதே.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒன்று கேட்கச் சொல்கிறார். உன் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? காலை வெயில் வருமா? எழுதாவிட்டாலும் போனில் சொல்லிவிடு, வெள்ளிக்கிழமை வரை அவருக்குப் பொறுக்காது.

உன்,
சாந்தா