கேத்திலின் அடியில் பிடிக்கிற வெள்ளை

நெடுங்கேணி
வைகாசி 10

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு நீ உன் மகனைப் பற்றிப் போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, தம்பிக்கு உங்கட கிணத்துத் தண்ணி குடுக்கலாமோ?" என்றாய். "நீ அதைக் குடிச்சுத்தானே வளந்தனி" என்று சுள்ளென்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அம்மா பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. போனில் வராதது எழுத்தில் வரும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுமினியக் கேத்தில் உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் அடியில் இப்போது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை பிடித்திருக்கிறது. கரண்டிக் காம்பால் சுரண்டினால் முட்டைக்கோது போலச் சில்லுச் சில்லாகக் கழன்று வரும். பழப்புளி கரைத்துக் கொதிக்க வைத்தால் போய்விடும், இரண்டு கிழமையில் திரும்பப் பிடிக்கும். அது கல்சியம், கேத்திலுக்குத்தான் கேடு. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது புளோரைட். எங்கள் நிலத்தடிக் கல்லிலிருந்தே அது தண்ணீருக்குள் இறங்குகிறது. லீட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மழை பொய்த்துக் கிணறு கீழே போகப் போக மிஞ்சுகிற தண்ணீரில் அது கூடிக்கொண்டு போகும்.

கிணற்றுத் தண்ணீரில் மாதிரி எடுக்க வந்த பிள்ளை இதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, எனக்கு உன் முன் பல்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பழுப்புக் கீறு. கனடா போன பிறகு காசு கட்டி மறைத்தாயே, அதுதான். ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் அப்படித்தான் வருமாம். நீ பல் விளக்குவதில்லை என்று உன்னைக் கிணற்றடியில் நிற்பாட்டி எத்தனை நாள் பேசியிருப்பேன். ஒருநாள் அடித்தும் இருக்கிறேன். உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

ஆனபடியால் கேடெல்லாம் இப்போதுதான் வந்தது என்று சொல்ல மாட்டேன். சில நல்லதும் நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் மலேரியாவில் நடுங்கிக்கொண்டு குளோரோகுயின் கசப்பை விழுங்கிய ஊர் இது. 2012க்குப் பிறகு இந்த நாட்டுக்குள்ளேயே தொற்றிய மலேரியா ஒன்றும் இல்லை என்று 2016இல் சான்றிதழ் கொடுத்தார்கள். அதே வருசக் கடைசியில் மன்னாரில் இந்தியாவின் நகரத்து மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடுகிற சாதி. எங்கள் கிணற்றுக்குள்ளும் நுளம்புப் புழுவைத் தின்னச் சின்ன மீன் விட்டிருக்கிறேன், தம்பி எட்டிப் பார்க்கலாம்.

சித்தப்பாவின் விசயத்துக்கு வருகிறேன். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். விடிய 4 மணிக்கே வெளிக்கிட வேண்டும். சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் சுருங்கிவிட்டது. பதவியா, மதவாச்சிப் பக்கம் தொண்ணூறுகளில் தெரிய வந்த வருத்தம் இது, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. 'காரணம் அறியப்படாத' என்பதையே அதன் பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள். புளோரைட்டும் கடினத்தன்மையும் சேர்ந்த தண்ணீர் என்று ஒரு பகுதி, களைகொல்லி என்று ஒரு பகுதி, கட்மியம், ஆர்செனிக் என்று இன்னொரு பகுதி. எல் சல்வடோர், நிக்கரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே வருத்தம். அங்கே கொதிக்கிற வெயிலையும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதையும்தான் முதலில் சொல்கிறார்கள். சித்தப்பா காலையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு இறங்கினால் பின்னேரம் 2 மணிக்குத்தான் வரம்பில் ஏறுவார். அதைக் கெட்டித்தனம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

இதில் என் கையும் இருக்கிறது, பிள்ளை. முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வாய்க்கு ஒரு துணிகூடக் கட்டாமல் எத்தனை போகம் மருந்து அடித்திருப்பேன். போத்தலில் ஒரு மூடி என்று போட்டிருந்தால் இரண்டு மூடி ஊற்றுவேன். தாங்கியைக் கழுவியது வாய்க்காலில்தான். ஒருமுறை கழுவிவிட்டு நிமிர்ந்தால் விரால் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரியப் புரண்டு கிடந்தன. 'மருந்து நல்ல மருந்துதான்' என்று நினைத்தேன். இப்போது அந்த நினைப்புத்தான் கூடக் குத்துகிறது. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தளர்த்தினார்கள், பிறகு தடையை எடுத்தே விட்டார்கள். தடை இருந்தபோதும் ஒளித்து விற்றார்கள், நானும் வாங்கினேன். 2021இல் பசளையை ஒரே அடியாக நிற்பாட்டின கூத்தை நீயே செய்தியில் பார்த்தாய். அந்தப் போகத்து நெல்லைப் பற்றி எழுதினால் எனக்கு இன்னும் கோபம் வரும், விடு.

மாடுகளின் கதையை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் வந்த நேரம். புயல் மாமல்லபுரத்துக்குப் போனது, எங்களுக்கு அதன் குளிர்தான். அந்த இரண்டு நாளும் வானம் புகை மூடினது போல மங்கிக் கிடந்தது. இந்தியப் பக்கத்து அழுக்குக் காற்று என்று சொல்லி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடங்களைக்கூடப் பூட்டினார்கள். இரவு முழுக்கக் காற்றும் தூறலும். விடியப் பட்டிக்குப் போனால் ஒரு மாடும் எழும்பவில்லை. பதினொன்றில் நான்கு செத்துக் கிடந்தன, வயிற்றோடு கன்று வைத்திருந்த சிவப்பியும் அதில் ஒன்று. மூக்கைத் தொட்டேன், கல்லுப் போல் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 1,000க்கு மேல் மாடு ஆடுகள் அந்தக் கிழமை செத்தன. திடீர்க் குளிரின் அதிர்ச்சி என்று மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். வெயிலுக்குப் பழகின உடம்பு. கோடையில் புல் இல்லாமல் மெலிந்ததுகள்தான் முதலில் விழுந்தன. மாட்டுக்குக் குளிரும் என்று எங்கள் அப்பாவோ அவருடைய அப்பாவோ நினைத்ததில்லை, அதனால் எங்கள் பட்டிக்குக் கூரையும் இருந்ததில்லை. இப்போது போட்டிருக்கிறேன்.

நீ ஆடியில் வந்தால் தம்பிக்குப் பாலைப்பழம் காட்டலாம் என்றாய். பழம் இருந்தால் காட்டலாம். உன் சொண்டு பாலில் ஒட்டி, அம்மா எண்ணெய் பூசிவிட்ட அந்த மரம் இப்போது இல்லை. காட்டுக்குள் உள்ளே போக வேண்டும். கரடிக்கும் அதே பழம்தான், அதனால் நான் தனியே போவதில்லை. யானையும் இப்போது குளத்தின் அலைகரை வரை வருகிறது. அதன் பாதையில் நாங்கள்தானே காணி வெட்டியிருக்கிறோம்.

இனிச் சொல்லப் போவதற்குக் கத்தாதே. போன மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் 1.5. எனக்கு 1.2க்குள் இருக்க வேண்டுமாம். ஒரு முறை பார்த்து வருத்தம் என்று சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அது நீங்கள் வருகிற நேரம்தான் வரும். இதை வைத்துக்கொண்டு உன் கேள்வியைக் கேட்டதால்தான் அன்றைக்கு அப்படிச் சினந்தேன். இப்போது விடிய 5 மணிக்கு வயலுக்குப் போய் ஒன்பதரைக்கு ஏறிவிடுகிறேன். போத்தல் தண்ணீர் கையில் இருக்கும். நோவுக் குளிசையை நானாக வாங்கிப் போடுவதையும் நிற்பாட்டிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில்: குடுக்க வேண்டாம். ஒரு மாதம் குடித்தால் பல் பழுக்காதுதான், ஆனாலும் வேண்டாம். இரண்டு நாம்பனை விற்று 5,000 லீட்டர் மழைநீர்த் தாங்கி வைத்திருக்கிறேன். முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பது. கூரைத் தகரத்தையும் மாற்றியாயிற்று. கொதிக்க வைத்துத்தான் கொடுப்போம். குளிக்கக் கிணறு இருக்கிறது, தம்பி வாளியால் அள்ளி ஊற்றட்டும். கட்டுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் மழைத்தண்ணீர் பிடிக்கவில்லை. தேத்தண்ணி சப்பென்று இருக்கிறதாம். நேற்றுக் குசினிப் பக்கம் போனேன். கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் கிணற்று வாளி ஈரமாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். நீ வந்து கேள்.

அன்புடன்,
அப்பா