மகளுக்கு: வீட்டுக்குக் கிரே அடிக்கிற விஷயமாக

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வீட்டுக்கு வெளியே கிரே அடிப்பதில் எனக்கு மறுப்பு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், வேண்டாம் என்று சொல்லத்தான் அம்மா இவ்வளவு நீட்டுகிறாள் என்று பாதியிலேயே விட்டுவிடுவாய். அடிக்கலாம். ஆனால் எந்த கிரே என்பதை டொரண்டோவில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. நாகர்கோவிலில், அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் செய்யணும். பணம் நீயும் மாப்பிள்ளையும் போடுகிறீர்கள், சரி. தினமும் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது நானும் அப்பாவும்.

மாமாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சிமென்ட் பூச்சோட நிறுத்திட்டாங்க, பெயிண்டுக்குத் துட்டு இல்லை போலன்னு ஊர்ல சொல்ல மாட்டாங்களா?" சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம்ம பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வீடு நின்றால், வளைகுடாவில் இருக்கிற பிள்ளை அடுத்த லீவுக்கு வரும்வரை வேலை நிற்கிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உங்கள் ஊரில் வீட்டுக்கு வெளியே செங்கல்லோ பலகையோ இருக்கிறது. அதன்மேல் கிரே இருந்தால் வேண்டுமென்றே அடித்தது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். இங்கே அதை நாம்தான் தெரியவைக்கணும். அதற்கு விளிம்பு வேண்டும். ஜன்னலைச் சுற்றி, சன்ஷேடின் முகப்பில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்பட்டையில் சுத்தமான வெள்ளை ஓடணும், அதுவும் டேப் ஒட்டி நேராக அடித்த வெள்ளை. வெறும் பூச்சுச் சுவருக்கு அப்படி ஒரு கோடு இருக்காது. வெள்ளைப் பட்டை வேண்டாம், எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும் என்று நீ எழுதியிருந்தாய். அது மட்டும் நடக்காது, கேட்டியா?

அடுத்தது, நீ அனுப்பிய படங்கள். போனில் பார்த்து மற்ற நிறங்களையாவது ஓரளவு எடுக்கலாம், கிரேயை எடுக்கவே கூடாது. விழுகிற வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று கேமரா தானாகவே கணக்குப் போட்டு, அந்தச் சாயலைக் கழித்துவிட்டுத்தான் படத்தைத் தரும். படம் முழுக்கச் சாம்பல் சுவராக இருந்தால் சுவரில் இருக்கிற நீலம் எது, மேகமூட்டத்தின் நீலம் எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. சுவரின் நீலத்தைக் கழித்துவிடும், சில நேரம் இல்லாத நீலத்தை ஏற்றியும்விடும். செங்காவி நிற வீட்டில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. சாம்பலில் அந்த லேசான சாயல்தானே எல்லாமே! ஸ்டுடியோ வைத்திருந்த சித்தப்பா ஒரு சாம்பல் அட்டை வைத்திருப்பாரே, நினைவிருக்கிறதா? விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பித் தருகிற அட்டை. அதைப் பார்த்துத்தான் வெளிச்சம் அளப்பார். அந்த 18-ஐ மனதில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

கருப்பையும் வெள்ளையையும் கலந்தால் என்ன வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என் ஓவிய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள் நீ. நீலம் தட்டிய, சோகை பிடித்த ஒரு சாம்பல் வரும். அதனால்தான் பிள்ளைகளைக் கருப்பைத் தொடாமல் அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்கிற பிரவுனைச் சேர்த்துச் சாம்பல் எடுக்கச் சொல்வேன். பெயிண்ட் கடையிலும் இதே கதைதான், அங்கே கலக்குவது மெஷின். கோட்டாற்றில் ஒரு கடைக்குப் போய் ஷேட் கார்டைப் புரட்டாமல் அந்தப் பையனிடம், "தம்பி, இந்த ஷேடுக்கு என்னென்ன கலர் விழுது?" என்று கேட்டேன். முதலில் முழித்தான். பிறகு கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினான். ஷேட் கார்டைவிட அந்தப் பட்டியல் உண்மையைச் சொல்கிறது. கருப்போடு நீலமோ வயலட்டோ விழுந்தால் அது நம்ம வெளிச்சத்தில் நீலச் சுவராகத்தான் நிற்கும். கருப்போடு மஞ்சள் ஆக்சைடு மட்டும் விழுந்தால் பாசிப் பச்சை எட்டிப்பார்க்கும். கருப்பு, மஞ்சள் ஆக்சைடு, அதோடு கொஞ்சமாக ரெட் ஆக்சைடு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நீலத்துக்கும் போகாமல் பச்சைக்கும் போகாமல் அடங்கி நிற்கிற சாம்பல் கிடைக்கும். அந்த இரண்டு ஆக்சைடுகளும் இரும்பிலிருந்து வருகிறவை, நம்ம செம்மண்ணைச் சிவப்பாக்குகிற அதே இரும்பு. வெயிலில் எளிதில் வெளுக்காது. கரிம (ஆர்கானிக்) நிறமிகளில் சில அப்படியில்லை. கலவையில் ஒன்று மட்டும் வெளுத்தால் மிச்சம் இருக்கிறது சுவரின் நிறத்தையே மாற்றிவிடும்.

நீ தேர்ந்தெடுத்தவற்றில் உனக்கு ரொம்பப் பிடித்ததற்கு மெஷினில் விழுவது கருப்பும் நீலமும். அதனால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

வெளிச்ச விஷயத்தில் இணையத்தில் கிடைக்கிற அறிவுரை எல்லாம் உங்கள் ஊருக்காக எழுதினது. வடக்குச் சுவருக்கு வெயில் அவ்வளவாகப் படாது, அங்கே கிரே நீலமாகத் தெரியும், அதனால் மஞ்சளோ சிவப்போ தட்டிய வெதுவெதுப்பான சாயல் எடு என்பார்கள். டொரண்டோவில் சரிதான், அங்கே சூரியன் ஒரு நாளும் தலைக்கு நேராக வருவதில்லை. நமக்குச் சித்திரை விஷுவை ஒட்டி உச்சிக்கு வந்துவிடுகிறது. அதிலிருந்து ஆவணி வரைக்கும் மத்தியான வெயில் வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். வடக்குச் சுவருக்கு அப்போது நல்ல வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நேரம் பார்த்தால் தெற்குச் சுவர்தான் காயும். ஆக ஒரே சுவரே வருஷத்துக்கு இரண்டு முகம் காட்டும். கன்னியாகுமரியில் படகில் போகும்போது வள்ளுவர் சிலையைக் காலையில் பார்த்தால் ஒரு நிறம், சாயங்காலம் பார்த்தால் வேறு நிறம், நீயே சொல்லியிருக்கிறாய். அது கருங்கல், அந்த மாற்றம் அதற்கு அழகு. பெயிண்டுக்கு அது அழகாக இருக்குமா என்பதை அடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் அடித்துப் பார்த்தோம். பெயிண்டர் அண்ணன் வாசல் பக்கம் நேராகப் பழைய பச்சைச் சுவரின் மேலேயே ஒரு கை அடித்தார். பார்த்தால் கிரேயில் ரோஸ் தெரிகிறது. அப்பா, "இது என்ன, கல்யாண மண்டபமா?" என்றார். டப்பாவில் தப்பில்லை. பச்சைக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் கொஞ்சம் ரோஸாகத்தான் தெரியும், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையாகத் தெரியும். கண் அப்படித்தான். பாரிஸில் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ரோல் என்கிற வேதியியல்காரரிடம், கருப்பு நூலின் சாயம் சரியில்லை என்று புகார் வந்ததாம். சாயம் சரியாகத்தான் இருந்தது, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதைக் கெடுத்தன என்று கண்டுபிடித்து 1839-ல் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். நான் புத்தகம் எழுதவில்லை. சுற்றிலும் வெள்ளைச் சார்ட் பேப்பரை ஒட்டச் சொன்னேன், ரோஸ் போய்விட்டது. நமக்கு முன்பக்கம் சிவப்பு ஓட்டுச் சரிவு இருக்கிறது. அது மாறப்போவதில்லை. பக்கத்தில் பலா மரம் இருக்கிறது, அதுவும் மாறப்போவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப்போகிற சாம்பலில் கொஞ்சம் மண் வாசனை வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுக்குக் கீழே பச்சையாகவும் மரத்தடியில் ரோஸாகவும் ஒரே சுவர் இரண்டாகத் தெரியும்.

பிறகு மெனக்கெட்டு இரண்டடிக்கு மூன்றடி சிமென்ட் ஷீட் துண்டுகளில் வெள்ளை பிரைமர் போட்டு, ஒவ்வொரு ஷேடும் இரண்டு கோட் அடித்து, நான்கு பக்கமும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். காய்ந்த பிறகுதான் பார்க்கணும். நம்ம பழைய சுண்ணாம்பு ஈரத்தில் மங்கலாக இருந்து காயக் காய வெளுக்கும். எமல்ஷன் அதற்கு நேர் மாறு, காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதே சமயம் சின்ன அட்டையில் கனமாகத் தெரிகிற நிறம், முழுச் சுவராக வெயிலில் நிற்கும்போது வெளிறிப்போகும். கடைப் பையன் இது இரண்டும் அறிந்து பேசினான், கெட்டிக்காரன்.

இனி நீ ஆசைப்பட்ட அந்தக் கரி நிறம். ஷேடு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கிறது. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. 50 என்றால் நடுத்தரச் சாம்பல் என்று நினைக்காதே. கண்ணுக்கு நடுவாகப் படுவது சித்தப்பாவின் அட்டை, அதாவது 18. ஐம்பதை ஒட்டியதெல்லாம் வெளிர் சாம்பல்தான். நீ சொன்ன கரி நிறம் பத்தை ஒட்டி வரும். அதாவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சுவர் குடித்துவிடும். டொரண்டோ குளிருக்கு அது நல்லதாகவே இருக்கலாம். இங்கே மேற்குச் சுவருக்குப் பின்னால் இருப்பது எங்கள் படுக்கையறை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சாயங்காலம் வாங்கின சூட்டை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். ஏசி போட்டுத் தருகிறேன் என்று சொல்லாதே. அப்பாவுக்கு ஏசி ஆகாது என்று உனக்கே தெரியும். சுவர் சூடேறிக் குளிர்ந்து சூடேறிக் குளிர்ந்து பூச்சில் முடிக்கீறல் விழும், கடும் நிறத்தில் அது சீக்கிரம் வரும். அந்தக் கீறல் வழியாக இடவப்பாதி மழை, அதுதான் தென்மேற்குப் பருவமழை, இறங்கினால் உப்புப் பூக்கும். கரிச் சுவரில் வெள்ளை உப்பு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொள்.

முடிவு இதுதான். சுவர் முழுக்க எல்.ஆர்.வி. 55, 60 வருகிற வெளிர் சாம்பல், அந்த மூன்று கலர் விழுகிற ஷேடு. செம்மண் தெறிக்கிற கீழ் இரண்டடிக்கு அதே குடும்பத்தில் நாலு படி கனமானது. உன் கரி நிறம் போர்டிகோ தூண்களுக்கு. கூரை நிழலில் நிற்பதால் அங்கே சூடும் ஏறாது, பார்க்கவும் நன்றாக இருக்கும், அது எனக்கே பிடித்திருக்கிறது. மேற்குச் சுவரில் கடும் நிறம் ஒரு சொட்டும் கிடையாது.

லிட்டருக்கு இரண்டு கோட் அடிக்க 50, 60 சதுர அடி வரும் என்கிறார் பெயிண்டர் அண்ணன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கி வாங்கி, பெரிய டிரம்மில் ஒன்றாக ஊற்றி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். வாளிக்கு வாளி நூல் வித்தியாசம் வந்தாலும் சாம்பலில் ஒட்டுப்போட்டது தெரியும். தண்ணீரும் அளந்துதான் சேர்க்கணும்.

செலவு கொஞ்சம் ஏறும், அது ஷேடால் இல்லை. அடியில் உன் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு, அதன்மேல் ஸ்னோசெம் என்கிற சிமென்ட் பெயிண்ட், அதன்மேல் போன தடவை அடித்த எமல்ஷன் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சுண்ணாம்பு பொரிந்த இடத்தை எல்லாம் சுரண்டாமல் மேலே எது அடித்தாலும் செதில் செதிலாக உரியும். பலா மரத்தடிச் சுவரில் பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடணும். சன்ஷேடுகளுக்கு அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி, அதாவது நீளமாக ஒரு சின்னப் பள்ளக் கோடு, எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது இல்லாததால்தான் மழைத்தண்ணீர் சுவரோடு வழிந்து கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. கிரேயில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். கூலி மூன்று, நான்கு நாள் கூடும். இப்போது தை, வானம் வெளுத்திருக்கிறது. பங்குனிக்குள் முடித்துவிட்டால் நல்லது, அப்புறம் கோடை மழை ஆரம்பித்துவிடும்.

கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் எனாமல் வாங்கணும். கருப்பா, கரி நிறமா? இதை நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள், நான் தலையிடவில்லை. அப்பா பழைய பிரவுனையே அடிக்கணும் என்று பிடிவாதமாக நிற்கிறார், அவரிடம் நீயே பேசிக்கொள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அடுத்த வாரம் வாங்கிவிடலாம்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அம்மா