தமிழ்99: வீட்டுச் சுவரில் ஒட்ட ஒரு படம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, பணிக்காலம் முழுவதும் பழைய தட்டச்சுப்பொறி முறையிலேயே அடித்துவந்த நான், ஓய்வு பெற்ற பிறகு கணினியில் தமிழ் அடிப்பதற்கான தமிழ்99 விசைப்பலகையைக் கற்றேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தர முறை இது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் தெருவில் இதன் பெயரை அறிந்தவர்கள் ஓரிருவரே என்பதால் இதை எழுதுகிறேன்.

இம்முறையில் 12 உயிரெழுத்துகளும் இடக்கைப் பக்கம் உள்ளன. அ, இ, உ, எ ஆகிய குறில்கள் விரல்கள் இளைப்பாறும் நடுவரிசையிலும், அவற்றின் நெடில்கள் நேர் மேல் வரிசையிலும் இருக்கின்றன. வ, ங இரண்டையும் தவிர்த்த 16 மெய்கள் வலக்கைக்கு உரியவை. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் வந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் படித்த இலக்கணம்தான். ஒரே மெய்யை இருமுறை அடித்தாலோ, ங-வை அடுத்துக் க, ந-வை அடுத்துத் த என இன எழுத்தை அடித்தாலோ, முன்னெழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். ஆகவே 'வணக்கம்' என்ற சொல்லுக்கு வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு விசைகள் போதும். ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்து அடிக்கும் என் பேத்திக்கு அதே சொல்லுக்கு எட்டு விசைகளும், ணகரத்துக்காக ஒரு ஷிப்டும் தேவைப்படுகின்றன. லகரத்தையும் ளகரத்தையும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்களாகவே அவள் நினைவில் வைத்திருக்கிறாள் என்பதுதான் விசை எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துகிறது.

கற்பது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடித்தே பழகிய விரல்கள், 'கொ' என்பதற்குக் ககரத்தை அடித்து ஒகரத்தை அடிக்க வேண்டும் என்பதை ஏற்க மூன்று வாரங்கள் ஆயின. 'பப்பாளி' என்று அடிக்கப் போனால் சொல்லின் தொடக்கத்திலேயே புள்ளி வந்து நின்றது; முதல் பகரத்தை அடுத்து அகரத்தைத் தட்டினால் புள்ளி விழாது என்பதை யாரும் சொல்லித் தராமல் நானாகக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. தினமும் அரை மணி நேரம், விசைகளைப் பாராமல், செய்தித்தாளின் ஒரு பத்தியை அடித்துப் பார்த்ததே என் பயிற்சி. இரண்டு மாதத்தில் பழைய வேகம் திரும்பியது. பழைய பழக்கம் எதுவும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் பாதிக் காலம்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

விண்டோஸ், மேக், ஐபோன் மூன்றிலும் இவ்விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் சென்று தேர்ந்தெடுத்தால் போதும். குறை, கற்பிப்பதில்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே கணினிப் பாடவேளையில் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குமாறு கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விசைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் கண் கீழேயே இருக்கும், விரல் பழகாது. எனவே தமிழ்99 விசைப்பலகையின் படத்தை, வெட்டியெடுத்துக் கணினிக்கு எதிரே சுவரில் ஒட்டக்கூடிய அளவில், ஞாயிறு இணைப்பில் ஒருமுறை அரைப்பக்கத்துக்கு அச்சிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
தஞ்சாவூர்.