குரல்கள் அடங்கினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வு பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மருந்தை நிறுத்தக் கூடாது என்று அது வலியுறுத்தியது மிகச் சரி. ஆனால், மாயக்குரல்களும் வீண் சந்தேகங்களும் மருந்தால் தணிந்த பிறகும் பலரால் வேலையில் நிலைக்கவோ வீட்டுப் பொறுப்புகளை ஏற்கவோ முடியாமல் போவதற்கு, அம்மருந்துகளால் பெரிதாகச் சீர்படாத நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றின் குறைபாடுகள் முக்கியக் காரணம் என்பதை அது குறிப்பிடவில்லை. கேட்டதை நினைவில் வைக்கும் திறனுக்கும் அன்றாடச் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கிரீன் 1996-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்.

நோயின் தீவிரம் குறைந்துவிட்ட என் தம்பியிடம் மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால், முதல் வேலையை முடித்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றுவிடுவான். அவற்றையே தாளில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்தால் மூன்றையும் முடித்துவிடுவான். உறவினர்கள் இதைச் சோம்பல் என்றே சொல்லிவந்தார்கள், அது எவ்வளவு அநியாயம்! ஆகவே, மனநலப் பிரிவுகளில் அறிகுறிகளோடு நினைவாற்றலையும் கவனத்தையும் சோதித்தறிந்து, அத்திறன்களை வளர்க்கும் பயிற்சியைத் தொழிற்பயிற்சியுடன் இணைத்தே வழங்க வேண்டும். குடும்பத்தினருக்கும் இந்தக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே விளக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர்