சீட்டுல கக்கத்தையும் சேர்த்து எழுதுங்க டாக்டர்

தேனி பக்கமும் இடுக்கி பக்கமும் மார்புக் கட்டி பாக்குற சர்ஜன்களுக்கும் ஸ்கேன் டாக்டர்களுக்கும், வணக்கம்.

கம்பத்துலேருந்து எழுதுறேன். விடியுறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறி கம்பமெட்டு, குமுளி வழியா ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்களுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரின்னா ஒரு நாள் கூலி போச்சு. எங்க மதினிக்கு கட்டின்னு ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாங்க, சீட்டுல மார்புன்னு மட்டும் இருந்துச்சாம், அதனால மார்பை மட்டும் பாத்து அனுப்பிட்டாங்க. அப்புறம் கக்கத்துக்குன்னு மறுபடி ஸ்கேன், செல் எடுத்துப் பாக்குற ஊசிக்கு வேற ஒரு தேதி. ஜெல்லு தடவிப் படுத்திருக்குற ஆளை கையைத் தூக்கச் சொன்னா ஆயிருச்சு, அதுக்கா இம்புட்டு அலைச்சல்?

மார்புப் புற்று பரவுதான்னு கக்கத்துல இருக்குற நெறியிலதான (நிணநீர்க் கணு) பாக்கணும். நல்ல நெறின்னா மொச்சைக்கொட்டை மாதிரி நீளமா, ஓரம் மெல்லிசா, நடுவுல கொழுப்பு வெள்ளையா தெரியும். ஓரம் 3 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சு, நடு வெள்ளை காணாமப் போயி உருண்டையா இருந்தா சந்தேகந்தான். அப்பவே ஸ்கேனைப் பாத்துக்கிட்டே அந்த நெறியில ஊசி போட்டு கொஞ்சம் செல் எடுத்துருங்களேன். நம்ம ஊர்ல டிபிக்கும் நெறி கட்டும், லேசான புண்ணுக்கும் கட்டும், படத்தை மட்டும் பாத்து புற்று பரவிருச்சுன்னு சொல்லி வீட்டையே அழ வைக்க வேணாம். உடம்பு முழுக்க புற்றைத் தேடுற பெட் ஸ்கேன்லயும் டிபி நெறி பளிச்சுன்னுதான் தெரியும், பொடிசா பரவுனது அதுலயும் சிக்காது, அதுக்குப் போயி நகையை அடகு வைக்குறாங்க.

ஊசியில புற்று செல் வந்துருச்சுன்னா முதல்ல கீமோவா ஆபரேஷனான்னு அப்பவே பேச ஆரம்பிக்கலாம். கீமோதான் முதல்லன்னா அந்த நெறியில குட்டியா ஒரு கிளிப் போட்டு வைக்கலாம், சுருங்கிப் போனாலும் பின்னாடி அதைத் தேடிப் புடிக்கலாம். ஊசியில ஒண்ணும் வரலைன்னா பரவலைன்னு அர்த்தம் இல்ல, ஆபரேஷன் அப்ப சென்டினல் நெறியை, அதான் புற்று முதல்ல போயி சேருற நெறியை, எடுத்துப் பாக்கணும், இதை எங்காளுங்க கிட்ட நீங்க வாயால சொல்லணும், ரிப்போர்ட்டுல நெகட்டிவ்னு பாத்ததும் பாதிப் பேரு திரும்ப வர மாட்டாங்க. ஊசி குத்துனா பரவிரும்னு வேற ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது, அப்படிப் பயப்பட வேணாம்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும், நாங்க சொன்னா கேக்குறதில்ல.

கக்கத்தைப் பாக்கலைன்னா பாக்கலைன்னே ரிப்போர்ட்டுல எழுதிருங்க, நார்மல்னு போட்டு விடாதீங்க. ஊசி எடுத்தா ரிப்போர்ட் தாளோட அந்த செல் இருக்குற கண்ணாடி ஸ்லைடையும் கையில குடுத்து விடுங்க, மதுரைக்குப் போனாலும் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்க இருக்குறவங்க தாங்களே ஒரு தடவை பாக்கணும்னு அதைத்தான் கேப்பாங்க.